இடது ஓரத்தில் நின்ற வரி

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பல் வைத்திய நிலையத்தின் வரவேற்பு மேசையில் நெடுங்காலம் வேலை செய்தேன். யாருக்கு எந்த நேரம் தோதுப்படும், யார் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுவார், யாருக்கு ஊசி என்றாலே கைகால் நடுங்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பிறகு ஒரு புதிய கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். நோயாளிகள் தங்கள் போனிலேயே நேரம் பிடித்துக்கொள்ளலாம். முந்தைய நாளே அது நினைவூட்டலும் அனுப்பிவிடும். இனி மேசைக்கு இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது ஆள் நான்.

வீட்டில் இருந்த முதல் வாரம் முழுக்கக் கோபம். அடுத்த வாரம் கோபம் தணிந்து வேறொரு நினைப்பு வந்தது. என் வேலையை எடுத்துக்கொண்ட அந்தச் சாமான் உள்ளுக்குள் எப்படி இருக்கும்? அதை யாரோ உட்கார்ந்து எழுதித்தானே இருப்பார்கள், எந்த மொழியில் எழுதியிருப்பார்கள்? நூலகத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, பெரியவர்களுக்கான கல்லூரி ஒன்றில் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு நாள், பகல் நேரம்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"புரோகிராம் எழுதப் போறியோ?" என்றார்.

"ஓம்."

"எழுதி?"

"சும்மா பாப்பம்" என்றேன்.

வகுப்பு எடுத்தவர் கானாவிலிருந்து வந்த பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் கொடுத்துப் பேசுவார். முதல் நாளே அவர் ஒன்றைச் சொன்னார்: இந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் நீங்கள் விடும் வெற்றிடத்துக்கும் அர்த்தம் உண்டு. ஒரு வரி உள்ளே தள்ளி நின்றால் அது மேலே உள்ள வரிக்குச் சொந்தம். ஓரத்தில் நின்றால் சொந்தமில்லை.

நான் எழுதியெடுத்துக்கொண்டேன். விளங்கவில்லை. எழுத்துக்கு அர்த்தம் இருக்கும். குறிக்கு அர்த்தம் இருக்கும். எழுதாமல் விட்ட இடத்துக்கு எப்படி?

எனக்குப் பக்கத்துக் கதிரையில் குரோய்டனிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி. சென்னையில் ஒரு கம்பனியில் ஜாவாவில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்து வந்து, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, வேலையை விட்டே பல வருடமாகியிருந்தது. மறுபடி தொடங்க வேண்டும் என்று வந்திருந்தாள். என் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓம்."

"ஓமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "சிலோன் தமிழ்! கேக்கவே நல்லா இருக்குக்கா."

அவளுக்கும் அந்த வெற்றிடம் பிடிக்கவில்லை. "எங்க ஜாவால எல்லாத்துக்கும் அடைப்புக்குறி போட்ருவோம்க்கா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அதுவே சொல்லிரும். ஸ்பேஸ் எத்தனை விட்டாலும் மெஷின் கண்டுக்காது. மனுஷங்க படிக்கத்தான் ஸ்பேஸ். இங்க பாருங்க, மெஷினே ஸ்பேஸைப் படிக்குது."

தேர்ந்தவளுக்கே குழப்பம் என்றால் எனக்கு இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமைகளில் நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடக்கும் சின்னப் பள்ளி. என் வகுப்புப் பிள்ளைகள் எப்போதும் கேட்கும் கேள்வி, "ரீச்சர், சேர்த்து எழுதிறதா, பிரிச்சு எழுதிறதா?" என்பதுதான். வந்துவிட்டான் என்று ஒன்றாக எழுதுவதா, வந்து விட்டான் என்று இரண்டாகவா? இரண்டும் சரி, வாசிக்கிறவருக்கு விளங்கும் என்று சொல்லிப் பழகியிருந்தேன். பைத்தான் வகுப்புக்குப் போகத் தொடங்கியபின் அப்படிச் சொல்ல வாய் தயங்கியது. ஒரு பெட்டை 'பலகை' என்பதைப் பல கை என்று பிரித்து எழுதி, நிறையக் கைகளைப் படமாகவும் வரைந்து கொண்டுவந்தாள். இலக்கணத்தில் அதைப் பொதுமொழி என்பார்கள். சேர்ந்து நின்றால் ஒரு பொருள், பிரிந்து நின்றால் வேறு பொருள். படம் அழகாக இருந்தது. சரி போடுவதா பிழை போடுவதா என்று தெரியாமல் பேனையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

வகுப்பின் நடுவில், ஏதாவது பயனுள்ள ஒன்றை நீங்களே எழுதுங்கள் என்றார் ஆசிரியை. எனக்கு உடனே தமிழ்ப் பள்ளிதான் நினைவுக்கு வந்தது. வகுப்பு இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியரான அதிபர் ஒவ்வொரு பெற்றோருக்கும் தானே போன் எடுத்துச் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர், நல்ல மனிதர், ஆனால் ஒருவரோடு கதைக்கத் தொடங்கினால் விடமாட்டார். பாதிப் பேருக்குச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். எல்லாருக்கும் ஒரே தடவையில் குறுஞ்செய்தி அனுப்புகிற புரோகிராம் ஒன்று எழுதினால் என்ன? பல் வைத்திய நிலையத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிய சாமான் செய்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான்.

எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் சொன்னால் அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

ஒவ்வொரு பெற்றோராக எடு:
    செய்தியில் அவர் பெயரைப் போடு
    செய்தியை அவர் எண்ணுக்கு அனுப்பு
முடிந்தது என்று சொல்

நடுவில் உள்ள இரண்டு வரிகளும் உள்ளே தள்ளி நிற்பதால் ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டும் நடக்கும். கடைசி வரி ஓரத்தில் நிற்பதால் எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தடவைதான் நடக்கும். எண்கள் இருந்த கோப்பில் என் எண்ணை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சமையலறை மேசையில் இருந்த என் போன் 'டிங்' என்றது. என் பெயர் போட்டு, எனக்கு வணக்கம் சொல்லி, வகுப்பு இல்லை என்றது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரிக்கும் காட்ட வேண்டும் என்று அந்த வரிகளைப் போனில் அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா! ஒரு இடத்துல ஸ்பெல்லிங் மட்டும் தப்பு, மாத்தி அனுப்பறேன்" என்று திருத்தி அனுப்பினாள். செய்தியில் ஆங்கில எழுத்தில் எழுதிய வணக்கத்தில் ஓர் எழுத்து கூடியிருந்தது, அவ்வளவுதான். அவள் அனுப்பியதைப் பிரதி எடுத்து என் கணினியில் பழையதின் மேல் ஒட்டினேன்.

ஓட்டினால் ஓடவில்லை. இரண்டாவது வரியைக் காட்டி, இங்கே உள்ளே தள்ளிய வரி ஒன்று வர வேண்டும் என்று சிவப்பில் சொன்னது. பார்த்தால் எல்லா வரிகளும் இடது ஓரத்தில் வரிசையாக நின்றன. போனுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் எங்கோ வெற்றிடமெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. எங்கே, எப்படி என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

மெஷின் குறை சொன்ன வரிக்கு முன்னால் நான்கு தடவை வெற்றிடப் பொத்தானைத் தட்டினேன். சிவப்புப் போய்விட்டது. என் எண்ணுக்கு மறுபடி அனுப்பிப் பார்த்தேன். போன் 'டிங்' என்றது. குறை சொல்கிற சாமானே குறையில்லை என்று சொல்லிவிட்டதே, இனி என்ன என்று பெற்றோர் எண்கள் எல்லாவற்றையும் கோப்பில் ஏற்றி, தயார் என்று அதிபருக்குச் சொன்னேன்.

அந்த மாதமே அதற்கு வேலை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதிபர் போன் எடுத்தார்.

"ரீச்சர், மண்டபத்திலை பைப் உடைஞ்சு போச்சாம். தண்ணி நிக்குதாம். நாளைக்கு வகுப்பு இல்லை. உங்கடை அந்தச் சாமானாலை எல்லாருக்கும் அனுப்பேலுமோ?"

"ஏலும் சேர். இப்பவே அனுப்பிறன்."

அனுப்பினேன். முடிந்தது என்று திரையில் வந்தது. அதிபருக்கும் முடிந்தது என்றேன். "இவ்வளவு கெதியிலையோ?" என்று அவர் வியந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் காலை நல்ல மழை. வகுப்புத் தொடங்கும் நேரத்துக்கு என் போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு தாய்: "ரீச்சர், கதவு பூட்டியிருக்கு, நீங்கள் எங்கை நிக்கிறியள்?" அவரோடு கதைத்து முடிக்க முதல் இன்னொருவர். பிறகு அதிபரே எடுத்தார். தண்ணீரைப் பார்க்கலாம் என்று மண்டபத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் பெற்றோரும் பிள்ளைகளும் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"ரீச்சர், ஒருத்தருக்கும் மெசேஜ் வரேல்லையாம்."

"அனுப்பினனான் சேர். முடிஞ்சுது எண்டு காட்டினது."

"அப்ப எங்கை போனது?"

எங்கே போனது? நானும் அதைத்தான் யோசித்தேன். மழையால் போன் இணைப்பு விழுந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். அந்த நேரத்தில் மற்றொரு அழைப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய மகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி நான்தான் சொன்னேன். அந்தப் பள்ளித் தவணையில்தான் சேர்த்திருந்தார், எல்லாருக்கும் பிந்தி.

"தங்கச்சி, இராத்திரி மெசேஜ் கண்டனான், பெரிய உபகாரம்" என்றார். "மழைக்கை வெளிக்கிடாமல் தப்பினம்."

"உங்களுக்கு வந்ததோ அண்ணை?"

"வந்தது. ஏன், மற்றவைக்கு வரேல்லையோ?"

அவரோடு கதைத்து முடித்த கையோடு, என் புரோகிராமுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் இணையச் சேவையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை என் கணக்கிலிருந்து ஒரே ஒரு செய்திதான் போயிருந்தது. அது போனது அவருக்கு. இத்தனை பேரில் மெஷின் ஏன் என் ஊர்க்காரரை மட்டும் பொறுக்கியெடுத்தது?

வாசலில் நின்றவர்களுக்கும் விஷயம் எட்டிவிட்டது. யாரோ ஊர்க்கார அண்ணையிடம் போனில் ஏன் வரவில்லை என்று கேட்க, ரீச்சர் மெசேஜ் போட்டவ என்று அவர் கள்ளமில்லாமல் சொல்லியிருக்கிறார். பின்னேரம் ஒரு தாய் என்னை அழைத்தார். என் வகுப்பில் படிக்கும் ஒரு பெடியனின் தாய். முகத்துக்கு நேரே கதைக்கிறவர்.

"ரீச்சர், நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. உங்கடை ஊராக்களுக்கு மட்டும்தான் சொல்லுவியளோ? நாங்கள் மழைக்கை நனையலாமோ?"

"அப்பிடி இல்லை. நான் எல்லாருக்கும்தான் அனுப்பினனான்."

"எல்லாருக்கும் அனுப்பினா எப்பிடி அந்தாளுக்கு மட்டும் போகும்?"

"தெரியேல்லை" என்றேன். அது உண்மை. ஆனால் சொன்னதும் எனக்கே பொய் போலக் கேட்டது.

கணவர் வேலை முடிந்து வந்ததும் கணினியை அவர் முன் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தார்.

"எழுத்து எல்லாம் சரியாத்தானே கிடக்கு."

"ஓம். அதுதான் விளங்கேல்லை."

"எழுத்திலை பிழை இல்லையெண்டால் பிறகு வெறும் இடம்தான். ஒண்டுமில்லாத இடத்திலை என்ன பிழை வரப் போகுது?"

இரண்டு பேரும் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் பிழையைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் கண்டுகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போனதும் ஆசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் திரையை ஒருமுறை பார்த்தார். அவருக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் சொல்லவில்லை. வகுப்பில் ஐந்தாறு பேரை எழுப்பி வரிசையாக நிற்க வைத்தார். என் கையில் ஒரு தாளும் பென்சிலும் அழிறப்பரும் கொடுத்தார்.

"நீங்கள்தான் கணினி. இவர்கள் பெற்றோர். எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள். நீங்கள் நினைத்ததைச் செய்யக் கூடாது" என்றார் ஆங்கிலத்தில்.

முதல் ஆளிடம் போனேன். செய்தியில் அவர் பெயரைப் போடு. தாளில் எழுதினேன். பிறகு தாளை அவரிடம் நீட்டினேன்.

"நில்லுங்கள். கொடுக்கச் சொல்லி எங்கே இருக்கிறது?"

"அடுத்த வரியில்."

"அந்த வரி உள்ளே நிற்கிறதா, ஓரத்தில் நிற்கிறதா?"

திரையைப் பார்த்தேன். ஓரத்தில் நின்றது. முடிந்தது என்று சொல்லும் வரிக்கு மேலே, அதற்கு நேராக, எப்போதும் அங்கேதான் இருந்தது போல நின்றது.

"அப்படியானால் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அடுத்த ஆளிடம் போங்கள்."

அடுத்த ஆளிடம் போனேன். முதல் பெயரை அழித்துவிட்டு இரண்டாவது பெயரை எழுதினேன். அதை அழித்து மூன்றாவது. இப்படி வரிசை முழுக்க எழுதி எழுதி அழித்து, கடைசியில் நின்ற கோயம்புத்தூர்க்காரியின் பெயர் தாளில் மிஞ்சியது. வரிசை முடிந்துவிட்டது. இப்போதுதான் ஓரத்தில் நின்ற வரிக்கு நேரம் வந்தது: செய்தியை அவர் எண்ணுக்கு அனுப்பு. எந்த அவர்? கையில் இருந்த பெயருக்குரியவர். தாளை அவளிடம் கொடுத்தேன். மற்றவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

எங்கள் ஊர்க்காரர் எல்லாருக்கும் பிந்திச் சேர்ந்தவர். கோப்பில் அவர் பெயர்தான் கடைசி.

"ஐயோ அக்கா!" என்றாள் அவள், தாளைப் பிடித்தபடி. "நான் திருப்பி அனுப்பினதுலதான் ஸ்பேஸ் எல்லாம் போயிருக்கு. நான் பாக்கவே இல்ல. எனக்கு அது கண்ணுலயே படலக்கா."

"எனக்கும்தான் படேல்லை" என்றேன். "மெஷின் ஒரு வரியைத்தானே காட்டினது. மற்றதைக் காட்டேல்லையே."

அதை ஆசிரியையிடமும் கேட்டேன். ஒரு வரியில் குறை கண்டது மற்ற வரியில் ஏன் காணவில்லை? அவர் சொன்ன பதில் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. தொடக்க வரிக்குக் கீழே உள்ளே தள்ளிய வரி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்றை வைத்தாயிற்று, சட்டம் நிறைவேறிவிட்டது. அடுத்த வரி உள்ளே நின்றாலும் முறையான வாக்கியம்தான், ஓரத்தில் நின்றாலும் முறையான வாக்கியம்தான். நீங்கள் எதைச் சொல்ல நினைத்தீர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

தலையாட்டினேன். விளங்கியதுபோலவும் இருந்தது, விளங்காததுபோலவும் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதையே திருப்பித் திருப்பி யோசித்து இறங்குமிடத்தைத் தவறவிட்டேன்.

மெஷின் செய்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. பெற்றோருக்கு என்ன சொல்வது? அதிபரிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். பொறியியலாளர்தானே, பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "ஸ்பேஸாலையோ?" என்றார். பிறகு, "ரீச்சர், இதைப் போய்ச் சொன்னா சனம் இன்னும் சந்தேகப்படும்" என்றார்.

ஊர்க்கார அண்ணை அந்த வாரம் போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "என்னாலை உனக்குக் கரைச்சலாப் போச்சு, தங்கச்சி. கடையிலை கண்ட ஒராள் என்னைப் பாத்து, உங்களுக்கெல்லாம் ஸ்பெஷல் மெசேஜ் எண்டு பகிடி பண்ணினார். பிள்ளையை வேறை எங்கையும் மாத்தி விடட்டோ?"

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை அப்போதுதான் 'ழ' சொல்லப் பழகியிருந்தாள். "ஒரு கிழமை பொறுங்கோ அண்ணை" என்றேன்.

வாயால் சொன்னால் எடுபடாது, காட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெற்றோரை மண்டபத்தில் இருக்கச் சொல்லும்படி அதிபரிடம் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரி தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். "என் பங்கும் இருக்குல்லக்கா."

மண்டபத்தில் இன்னும் ஈரவாடை போகவில்லை. முன்னால் ஒரு மேசை. அதில் ஐந்தாறு பெற்றோரின் போன்களை வரிசையாக வைத்தேன். என்னை நேரே கேட்ட அந்தத் தாயின் போனை முதலில் வைத்தேன். என் கணினியின் பற்றரி இறங்கிப்போனதால் அதிபரின் கணினியில்தான் காட்ட வேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த சுவரில் புரொஜெக்டரால் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் பிழையானதை ஓட்டினேன். கடைசிப் போன் மட்டும் ஒலித்தது. "சும்மா விளையாட்டுக் காட்டுறா" என்றார் யாரோ. கோப்பில் வரிசையை மாற்றி, கடைசிப் பெயரை முதலுக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். இப்போது கடைசியாக வந்தவரின் போன் ஒலித்தது. ஒரு தகப்பன் எழுந்து மேசைக்குக் கிட்ட வந்து நின்றார்.

"இனிப் பாருங்கோ" என்றேன். "இந்த வரிக்கு முன்னாலை இடம் விடப் போறன். வேறை ஒண்டும் செய்யேல்லை. எல்லாப் போனும் அடிக்கும்."

கல்லூரியில் பழகியதுபோல, நான்கு தடவை தட்டாமல், உள்ளே தள்ளும் பெரிய பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். வரி நகர்ந்தது. மேலே உள்ள வரிக்கு நேராக, பிசகில்லாமல் போய் நின்றது. ஓட்டினேன்.

ஒரு போனும் அடிக்கவில்லை. சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்து.

இரண்டு வரியும் ஒரே நேரில் நிற்கின்றன, சிறு குழந்தை பார்த்தாலும் ஒரே நேரில்தான் நிற்கின்றன என்று சொல்லும். பிறகு என்ன? பின்னால் நாற்காலிகள் அசையும் சத்தம் கேட்டது. கோயம்புத்தூர்க்காரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, சிவப்பு எழுத்தை உதட்டுக்குள் வாசித்தாள்.

"அக்கா, நீங்க டேப் அழுத்தினீங்களா?"

"ஓம்."

"அதான். மேல் வரியில இருக்கறது நாலு ஸ்பேஸ். இது ஒரு டேப். பாக்கத்தான் ஒண்ணு மாதிரி. மெஷினுக்கு ரெண்டும் வேற. காலேஜ்ல அதுவே மாத்திக்கும். இந்தக் கம்ப்யூட்டர்ல மாத்தல."

"வெறும் இடத்திலையும் ரெண்டு வகையோ?" என்று முன்வரிசையிலிருந்து அந்தத் தாய் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவேண்டும் என்ற முகத்தோடு முன்னுக்குச் சாய்ந்திருந்தார்.

"அப்பிடித்தான் போலை கிடக்கு" என்றேன். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

அழுத்தியதை அழித்தேன். வெற்றிடப் பொத்தானை நான்கு தடவை தட்டினேன். வரி அதே இடத்துக்கு வந்து நின்றது. சுவரில் பார்த்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. ஓட்டினேன். மேசையில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. ஒன்று அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்குப் போக, கிட்ட நின்ற தகப்பன் பாய்ந்து பிடித்தார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சிலர் கைதட்டினார்கள்.

அந்தத் தாய் தன் போனை எடுத்துப் பார்த்தார். தன் பெயர் போட்டு வந்த வணக்கத்தை வாசித்தார்.

"ரீச்சர், நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொட்டும் விளங்கேல்லை" என்றார். "ஆனா உங்களுக்கும் விளங்காமல் நிண்டியளே, அதைப் பாத்த உடனை நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு விளங்கிச்சுது. நான் கதைச்சதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

ஊர்க்கார அண்ணை கடைசி வரிசையில் சுவரோடு நின்றார். அந்தத் தாய் போகிற வழியில் அவரிடமும் நின்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் தலையசைத்துச் சிரித்தது தெரிந்தது. மகள் அதே பள்ளியில்தான் தொடர்ந்து படிக்கிறாள்.

பைத்தான் வகுப்பு முடிந்தபின் கோயம்புத்தூர்க்காரிக்கு நகருக்குள் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. அங்கே புரோகிராமைச் சேமித்ததும் வெற்றிடங்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே இன்னொரு புரோகிராம் இருக்கிறதாம். "நாம பட்ட பாடு அங்க யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். எனக்குக் கிடைத்தது அதே கல்லூரியின் அலுவலகத்தில் பகுதிநேர வேலை. புரோகிராம் எழுதுகிற வேலை இல்லை. ஆனால் வகுப்பில் சேர வருகிறவர்கள் பைத்தான் கஷ்டமோ என்று கேட்டால் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். கஷ்டமில்லை, ஆனால் எழுதாத இடத்தையும் வாசிக்கப் பழக வேண்டும் என்பேன். அவர்கள் நான் ஏதோ தத்துவம் சொல்வதாக நினைத்துச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமைக்கு முதல் நாள் பனி கொட்டியது. பஸ் ஓடாது என்று கணவர் சொன்னார். அதிபர் வகுப்பு வேண்டாம் என்றார். நான் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சுட்டியை வைத்து நகர்த்தி, வெற்றிடம் வெற்றிடம்தானா என்று பார்த்துவிட்டு அனுப்பினேன். சேவையின் பக்கத்தையும் திறந்து, எல்லாம் போயிருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கணினியை மூடவில்லை, அதற்குள் போன் அடித்தது. ஒரு தகப்பன்.

"ரீச்சர், மெசேஜ் வந்தது. எனக்கு மட்டுமோ, எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்தான்."

வைத்ததும் அடுத்த அழைப்பு. அதே கேள்வி. அதற்கடுத்ததும் அதே கேள்வி. பனியில் வெளியே போக முடியாத சனமெல்லாம் வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டது. அதிபர் முன்பு எல்லாருக்கும் போன் எடுத்துக் கதைத்த நேரத்தைவிட, அன்று எல்லாரும் எனக்கு எடுத்துக் கதைத்த நேரம் கூடுதலாக இருக்கும். கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்ப இது வேலை செய்யுதோ இல்லையோ?" என்று கேட்டார்.

"வேலை செய்யுது எண்டுதான் நினைக்கிறன்" என்றேன். போன் மறுபடி அடித்தது.